கேட்டில் நிற்கிறவள்

ராகு காலம் ஆரம்பித்துவிட்டது. இனி நாலரை மணி வரைக்கும் இந்த ஊரில் ஒருத்தரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டார்கள், அதிலும் செவ்வாய்க்கிழமை, கேட்கவே வேண்டாம். மனையை வாங்குகிறவர் எதிர்க் கடையில் உட்கார்ந்து கலர் குடிக்கிறார், விற்கிறவர் நாலு கடை தள்ளி நின்று டீ குடிக்கிறார், காலையில் தோளில் கை போட்டுக்கொண்டு வந்த இரண்டு பேரும் இப்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். சங்கரலிங்கம் அண்ணாச்சி நாற்காலியிலேயே தலையைச் சாய்த்துவிட்டார். அவர்தான் பத்திர எழுத்தர், இந்த அலுவலகத்துக்கு முதலாளி. நான் அவரிடம் தட்டச்சு செய்கிறவள், செண்பகவல்லி, இருபத்தாறு வருஷம் ஆகிறது, முதலில் மெஷின், பிறகு கம்ப்யூட்டர், அண்ணாச்சியின் குறட்டை மட்டும் அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது. மனையின் நான்கு எல்லைகளையும் அடித்து முடித்தாயிற்று. கிழக்கே பாதை, மேற்கே பேச்சிமுத்து மனை, வடக்கே ஓடை, தெற்கே பொதுச் சுவர். பத்திரத்துக்கு அடியில், திரையின் கடைசியில், ஒரு விரல் உயரத்துக்கு ஒரு தெரு ஓடுகிறது, அதில் ஒரு பெண் நடந்துபோய்க்கொண்டிருக்கிறாள். சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, வீட்டு மாடியில் உட்கார்ந்து என் தம்பி நாயகம் செய்த விளையாட்டு அது, மூன்று வாரத்துக்கு முன்னால் அனுப்பினான். பக்கத்திலேயே அவன் அனுப்பிய படிவமும் திறந்திருக்கிறது, விளையாடிப் பார்த்தவர்களின் கருத்து, எட்டுக் கேள்வி. ஐந்து மணிக்குள் நான் அதை நிரப்பி அனுப்ப வேண்டும். மூன்று நாளாகத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். கையெழுத்துக்குத்தான் ராகு காலம் பார்ப்பார்கள், கருத்துச் சொல்ல யாரும் பார்த்ததில்லை, இருந்தாலும் நாலரை ஆகட்டுமே என்று மனசு சாக்குச் சொல்கிறது.

விளையாட்டு என்று அவன் சொல்கிறான், விளையாட அதில் ஒன்றும் இல்லை. பேர் ‘போற வழி’. நாம் எதையும் தொடக் கூடாது, அதுதான் விதி. கையைக் கட்டிக்கொண்டு நம் வேலையைப் பார்த்தால் அந்தப் பெண் தன்பாட்டுக்கு நடப்பாள். ரெட்டைச் சடை, தோளில் ஒரு துணிப்பை. நடக்கிற வழியில் எதையாவது பார்ப்பாள், நிற்பாள், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்து எடுப்பாள், பையில் போட்டுக்கொண்டு மறுபடி நடப்பாள். திரையின் மூலையில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது, அதைத் திறந்தால் அவள் பொறுக்கியதெல்லாம் கிடக்கும். சோடா மூடி, பேரிங் குண்டு, நீலக் கண்ணாடித் துண்டு, தீப்பெட்டி லேபிள், ஓட்டை போட்ட ரயில் டிக்கெட். இவ்வளவுதான். மவுஸைத் தொட்டால் போச்சு, சட்டென்று நிமிர்ந்து சடையைச் சரிசெய்கிற மாதிரி நின்றுவிடுவாள், நான் ஒன்றும் பொறுக்கவில்லையே என்கிற முகத்தோடு. முகம் என்றால் மூன்று புள்ளிதான், ஆனாலும் அந்த முகம் தெரிகிறது. முதல் நாள் பார்த்துச் சிரித்தேன். இரண்டாம் நாள் அவள் இடது பக்கமாகச் சாய்ந்து நடக்கிறாளே என்று பார்த்தேன், பை கனக்கக் கனக்கச் சாய்வு கூடுகிறது. மூன்றாம் நாள், ஒரு தான செட்டில்மெண்ட் பத்திரம் அடித்துக்கொண்டிருந்தபோது, பெயர் எழுதும் இடத்தில் வாங்குகிறவருக்குப் பதில் கொடுக்கிறவர் பெயரை அடித்துவிட்டேன். இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு தப்புச் செய்ததில்லை. அந்த நிமிஷம்தான் உறைத்தது, அங்கே சாய்ந்து நடக்கிறவள் நான்.

பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர். எனக்குப் பதினாலு வயசு, அவனுக்கு ஆறு. என் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த காம்பவுண்டு அவனுடையது, மணி அடித்ததும் அவனை வெளியே இழுத்துப்போட்டுக் கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு. எண்ணெய் மில்லைத் தாண்டும்போதே மூக்கில் கடலைப் புண்ணாக்கு வாசம் ஏறும், அது முடிகிற இடத்தில் தீப்பெட்டி ஆபீஸின் தீக்குச்சி மருந்து வாசம் ஆரம்பிக்கும், இரண்டும் கலக்கிற இடத்தில் ஒரு வாகைமரம் உண்டு, அங்கேதான் லேபிள் கட்டுகளை வண்டியில் ஏற்றுவார்கள். ஏற்றும்போது சிந்தியதெல்லாம் என் பைக்கு. ஆனால் எல்லாவற்றையும் எடுக்க மாட்டேன். சரியாக அச்சானது எல்லார் வீட்டு அடுப்படியிலும் இருக்கிறதே, அதை எடுத்து என்ன செய்ய? எனக்கு வேண்டியது அச்சுத் தப்பியது. சிவப்பு இறங்காமல் வெளுத்துப்போன புலி, பாதி ரோஜாப்பூ, இரண்டு தரம் அச்சில் விழுந்து இரண்டு தலையோடு நிற்கிற மயில். அந்த ரெட்டைத் தலை மயில் கிடைத்தால் அன்றைக்குச் சோறு வேண்டாம். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் கெட்டி அட்டை டிக்கெட் கிடைக்கும், சில டிக்கெட்டில் ஊர் பேர் பாதி தேய்ந்திருக்கும், மீதிப் பேரை நானே வைத்துக்கொள்வேன். இல்லாத ஊர்கள் எத்தனையோ என்னிடம் இருந்தன. எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. ஒன்றும் நடக்காத சாயங்காலங்கள்தான் அவை, ஒரு நாளைப் போல ஒரு நாள், வெயில் சாய்ந்து தார் ரோட்டில் செருப்பு ஒட்டும், எனக்குப் பின்னால் நாயகம் வந்துகொண்டிருப்பான். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “வயசுக்கு வந்த புள்ள நடுரோட்டுல குனிஞ்சு குனிஞ்சு குப்ப பொறுக்குதா, பாக்கிறவன் என்ன நெனைப்பான்” என்று அடுப்படியில் இருந்தே கத்துவாள். அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கக் கற்றுக்கொண்டேன், ஆள் வந்தால் சடையைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டேன். அதை யாரும் கவனித்திருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

“செண்பகம், கிழக்க பாதைன்னு போட்டியே, எத்தன அடிப் பாதன்னு போட்டியா?” அண்ணாச்சி கண்ணைத் திறக்காமலே கேட்கிறார். தூக்கத்திலும் அவருக்குப் பாதை அளவு தெரிந்தாக வேண்டும். “பதினெட்டடி போட்டாச்சு அண்ணாச்சி.” “மேற்க பேச்சிமுத்துக்கு அப்பா பேரு?” “போட்டாச்சு.” “நல்லது” என்று மறுபடி தலை சாய்கிறது. சரிபார்க்க மவுஸைத் தொட்டதில் கீழே அவள் நிமிர்ந்துவிட்டாள், எதையோ எடுக்கப் போனவள், சடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் பாவம். எடு தாயி, நான் பார்க்கவில்லை என்று கையை மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் குனிந்தாள்.

படிவத்தில் முன்னால் எழுதிய பதினோரு பேரின் கருத்தையும் படிக்கலாம், நாயகம் திறந்தேதான் வைத்திருக்கிறான். பேர் கிடையாது, நம்பர்தான், நான் பன்னிரண்டு. பெரும்பாலும் அவனோடு சென்னையில் வேலை பார்த்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களுமாக இருக்க வேண்டும், எழுத்திலேயே ஏ.சி. குளிர் அடிக்கிறது. இரண்டாம் நம்பருக்கு எத்தனை சேர்ந்தது என்று எண்ணிக்கை காட்ட வேண்டுமாம். நாலாம் நம்பருக்குச் சேர்த்ததை விற்க ஒரு கடை வேண்டுமாம், விற்க முடியாவிட்டால் எதற்குச் சேர்ப்பது என்று கேட்கிறார், நல்ல கேள்விதான், அவரிடம் எங்கள் அம்மாவை அனுப்பியிருக்கலாம். ஏழாம் நம்பர், மயிலுக்கு இரண்டு தலை இருக்கிறது, படத்தைச் சரிசெய்யவும் என்று எழுதியிருக்கிறார். படித்துவிட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தேன், அண்ணாச்சி தலையை மறுபக்கம் சாய்த்துக்கொண்டார். ஒன்பதாம் நம்பர் மட்டும், வேலைக்கு நடுவில் இதைப் பார்த்தால் மனசு அடங்குகிறது, ஏன் என்று தெரியவில்லை என்று ஒரே வரி. அவர் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் பதினோரு பேரும், அந்த ஒன்பதாம் நம்பர் உள்பட, ஒரே குரலில் சொல்லுகிற குறை ஒன்று உண்டு. ரயில்வே கேட்டுக்கு வந்ததும் அந்தப் பெண் நின்றுவிடுகிறாள். கேட் திறந்துதான் இருக்கிறது, ரயிலும் இல்லை. திரும்பிப் பார்த்துக்கொண்டு முழுசாக நாலு நிமிஷம் நிற்கிறாள். ஒன்றும் பொறுக்குவதில்லை. பிறகு தானாகவே நடந்துவிடுகிறாள். பதினோரு பேரும் இதைப் பிழை என்று எழுதியிருக்கிறார்கள். நாயகம் எட்டாவது கேள்வியாக அதையே சேர்த்துவிட்டான், கேட்டில் நிற்பதை எடுத்துவிடலாமா என்று. எனக்கு அனுப்பிய படிவத்தில் மட்டும் சேர்த்தானா, எல்லாருக்கும் சேர்த்தானா என்று தெரியவில்லை.

காலையில் முத்துச்செல்வி வந்தாள், அவன் பொண்டாட்டி. என் வீட்டுக்காரர் ஸ்கூல் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பும் வரைக்கும் வாசலிலேயே நின்றிருந்து, அவர் போனதும் உள்ளே வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. “மதினி, அந்த வெளையாட்டு நல்லாயில்லன்னு எழுதிருங்க” என்றாள். எடுத்த எடுப்பில் அப்படித்தான் சொன்னாள். “பெங்களூருல இருந்து நல்ல வேல வந்திருக்கு, வீட்ல இருந்தே பாதி நாள் பாக்கலாங்காங்க, இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணுமாம். இவுக என்ன சொல்லுதாக தெரியுமா? அக்கா எழுதட்டும், அக்கா நல்லாயில்லன்னா கடைய மூடிட்டு வேலைக்குப் போறேன், நல்லாருக்குன்னா இன்னும் ஒரு வருசம் இதுலதான்னு சொல்லுதாக. ஒரு வருசமா மதினி? ஏற்கனவே பதினாலு மாசம் ஆச்சு. பணங்கூடப் பெருசில்ல, நான் டீச்சர் வேலைக்குப் போயி எப்பிடியோ ஓட்டுதேன். இலக்கியா மாடிப்படியில பாதி வரைக்கும் போயி, அப்பா காதுல ஹெட்போன் மாட்டியிருக்கானு எட்டிப் பாத்துட்டு, மாட்டியிருந்தா எறங்கி வந்துருதா. கூப்பிடக்கூட மாட்டேங்கா. எட்டு வயசுப் புள்ள.” சொல்லும்போது அவள் அழவில்லை, நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. “நீங்க எழுதுனா கேப்பாக மதினி. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க” என்று சொல்லிவிட்டு, காப்பியைக்கூடத் தொடாமல் போய்விட்டாள். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடம். தப்பாகக் கேட்டிருந்தால் முகத்தில் அடித்த மாதிரிப் பேசியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை.

மூன்றரை. சரி, எழுதித் தொலைப்போம் என்று எட்டாவது கேள்வியில் கையை வைத்தேன். விரல் தானாக அடிக்க ஆரம்பித்துவிட்டது. கோமதிநாயகம் அவர்களுக்கு, அவருடைய உடன்பிறந்த சகோதரி செண்பகவல்லி ஆகிய நான், முழு மனதுடனும் சுய புத்தியுடனும், பிறருடைய தூண்டுதலோ நிர்ப்பந்தமோ இல்லாமல் எழுதிக்கொடுக்கும் கருத்துக்கு விவரம் என்னவென்றால். அடித்த பிறகுதான் கண் பார்த்தது. எனக்கு எது எழுதினாலும் பத்திரமாகத்தான் வரும், போன பொங்கலுக்கு நாத்தனாருக்கு வாழ்த்து எழுதினதில் இதில் யாதொரு வில்லங்கமும் இல்லை என்று வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழிக்கப் போன கை நின்றுவிட்டது. பிறருடைய தூண்டுதல் இல்லாமல். எத்தனை ஆயிரம் தடவை இதை அடித்திருப்பேன், பக்கத்தில் மகன் நின்று அப்பனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அடித்திருக்கிறேன், மாப்பிள்ளை பார்க்கிற பார்வையில் மாமியார் கைநாட்டு வைக்கும்போது அடித்திருக்கிறேன். ஒரு நாளும் அந்த வரி எனக்கு உறுத்தியதில்லை, அது எல்லாப் பத்திரத்திலும் வரவேண்டிய வரி, அவ்வளவுதான். இன்றைக்கு என் பேரைப் போட்டு அடித்ததும் உறுத்துகிறது. நல்லாயில்லை என்று எழுதினால் அது முத்துச்செல்வியின் தூண்டுதல். நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அது மட்டும் என் சுய புத்தியா? என் சின்ன வயசை எடுத்து எனக்கே தினம் திரையில் ஓட்டிக் காட்டுகிறான், பார்க்கப் பார்க்க உருகிக்கொண்டிருக்கிறேன், இது தூண்டுதல் இல்லையா? ஒரு வரியை விடாமல் அழித்தேன்.

கேட்டுக்கு வந்துவிட்டாள். நின்றுவிட்டாள். திரும்பிப் பார்க்கிறாள். பதினோரு பேருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். அம்மாவின் கண்டிஷன் அது, கேட்டை அவன் தனியாகத் தாண்டக் கூடாது, அக்கா கையைப் பிடித்துக்கொண்டுதான் தாண்ட வேண்டும். வழியெல்லாம் அவன் எப்படி வேண்டுமானாலும் வரட்டும், பின்தங்கட்டும், எண்ணெய் மில் வாசலில் குந்தி உட்காரட்டும், நான் திரும்பிப் பார்க்க மாட்டேன், என் கண் ரோட்டில் இருக்கும். கேட்டில் மட்டும் நிற்பேன். அவன் வருவான், கையை நீட்டுவான், தாண்டுவோம். இரண்டு வருஷம், ஞாயிறும் லீவும் போக அத்தனை நாளும். இந்த விளையாட்டில் அவள் நிற்கிறாள், பார்க்கிறாள், தம்பி வரவில்லை. தெருவில் அவனே இல்லை. முழுத் தெருவையும் வரைந்தவன், எண்ணெய் மில்லின் தகரக் கதவில் இருந்த நெளிவைக்கூட வரைந்தவன், தன்னை வரையவில்லை. நாலு நிமிஷம் பார்த்துவிட்டு அவள் போய்விடுகிறாள். போய்விடுகிறாள். அதுதான் மூன்று வாரமாக என் நெஞ்சில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. ஏனென்றால் ஒரு நாள் நான் அப்படிப் போனேன். பத்தாம் வகுப்பு, அரைப் பரீட்சை முடிந்த நேரம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், இவளைத் தட்டச்சில் சேர்த்துவிடுவோம், கைத்தொழிலாக இருக்கும் என்று முடிவாகியிருந்தது. நாலரை மணி வகுப்பு, முதல் நாள். கேட்டில் நின்றேன். வாகைமரத்தடியில் அவன் குந்தி உட்கார்ந்திருந்தது தூரத்தில் தெரிந்தது. கூப்பிட்டேன், காது கேட்கவில்லை. கேட் மூடப்போகிறேன் என்று கேட்கீப்பர் கையைக் காட்டினார். கூட்ஸ் வருகிறது, மூடினால் இருபது நிமிஷம் என்று எனக்குத் தெரியும், முதல் நாளே லேட்டாகப் போனால் வாத்தியார் என்ன சொல்லுவாரோ என்ற பயம். ஓடித் தாண்டிவிட்டேன். பின்னால் கேட் இறங்குகிற சத்தம் கேட்டது. அவன் வந்துவிடுவான், யாராவது தாண்டிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். ஏ எஸ் டி எஃப் என்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மணி நேரமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அவன் வந்திருக்கவில்லை. அம்மா அடித்த அடி இருக்கட்டும், அது நியாயம். ஆறரை மணிக்குக் கேட்கீப்பர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார், அக்கா கை இல்லாமல் தாண்ட மாட்டேன் என்று இவ்வளவு நேரம் ஒரே பிடியாக நின்றான் என்றார். அவன் அழுதிருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் மூடியிருந்த கையைத் திறந்தான், உள்ளே கசங்கிப்போன ஒரு ரெட்டைத் தலை மயில், வியர்வையில் சாயம் இறங்கி உள்ளங்கையெல்லாம் பச்சை. அதைப் பார்த்துக்கொண்டுதான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தானாம். அன்றைக்கு அப்புறம் நான் எதையும் பொறுக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அவனைக் கூட்டிக்கொண்டு வர அம்மா போனாள், நான் தட்டச்சுக்குப் போனேன், பொறுக்கியதைப் போட்டுவைத்த பிஸ்கட் டின் எங்கே போனது என்றுகூடத் தெரியாது. முப்பத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது, நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது அந்த மயில் டின்னில் இருக்கிறது, கேட்டில் அவள் நிற்கிறாள், நாலு நிமிஷத்தில் போய்விடுகிறாள். சொல்லிக் காட்டுகிறானா? பதினாலு மாசம் மாடியில் உட்கார்ந்து, ஒரு பெண்ணை நடக்க விட்டு, நீ என்னை விட்டுவிட்டுப் போனாய் என்று சொல்லுகிறானா? அப்படியென்றால் எட்டாவது கேள்வி எனக்குத்தான். எடுத்துவிடலாமா என்று என்னிடமே கேட்கிறான். பிறகு இன்னொரு நினைப்பும் வருகிறது, அதுதான் இன்னும் மோசம். மாடிப்படியில் பாதியில் நின்று எட்டிப் பார்க்கிற இலக்கியா. இவன் இங்கே என்னைக் கேட்டில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அங்கே அவன் பிள்ளை நிற்கிறது, அது அவன் கண்ணில் படவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு நடந்த நான் அவனைத் திரும்பிப் பார்க்காத மாதிரியேதான். எங்கள் குடும்பத்துக் கண் அப்படி.

நாலு பத்து. வாங்குகிறவர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது என்று மறுபடி மாட்டிக்கொண்டு போனார். நான் எட்டாவது கேள்விக்கு அடித்தேன், இந்தத் தடவை பத்திரத் தமிழ் வரவில்லை. கேட்டில் அவள் நிற்பது பிழை இல்லை. எடுக்காதே. அவள் தம்பிக்காக நிற்கிறாள், அவன் கையைப் பிடிக்காமல் தாண்டக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். தம்பியை நீ வரையவில்லை, அதுதான் பிழை. மயிலுக்கு இரண்டு தலைதான், ஏழாம் நம்பரை வேலையைப் பார்க்கச் சொல். எண்ணிக்கை வேண்டாம், கடை வேண்டாம். நன்றாக இருக்கிறது நாயகம், இதைவிட நல்லதாக நான் ஒன்றும் பார்த்ததில்லை. ஆனால் இதைப் பார்த்து இந்த மாதிரி அழ உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள், அந்த ஒருத்திக்காக நீ மாடியில் உட்கார்ந்தது போதும். தம்பியை வரைந்து முடி. வேலைக்குப் போ. சாயங்காலம் கீழே இறங்கி வந்து பிள்ளையோடு இரு. நல்லாயில்லை என்று எழுதச் சொல்லி முத்துச்செல்வி கேட்டாள், அவளைத் திட்டாதே, நான் அவள் சொன்னதை எழுதவில்லை, இது நான் எழுதுவது. இவ்வளவையும் அடித்து, ஒரு தரம்கூடத் திரும்பப் படிக்காமல் அனுப்பிவிட்டேன். ராகு காலம் முடியவில்லை. முடிய வேண்டாம், போ. முத்துச்செல்வி சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டேனே என்று அதற்குப் பிறகுதான் உறைத்தது.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, போன் வந்துவிட்டது. பின்கட்டுக்குப் போய் எடுத்தேன். “அக்கா” என்றான். “சொல்லு.” அவன் மாடியில் ஃபேன் கரகரவென்று ஓடுவது கேட்டது. எனக்குப் பொறுமை எந்தக் காலத்தில் இருந்தது? “ஏலே, என்னக் குத்திக் காட்டத்தான அவள அங்க நிக்க வச்ச?” என்று கேட்டேவிட்டேன். “என்னது?” “அன்னைக்கு ஒன்ன கேட்டுல விட்டுட்டுப் போனம்லா, தட்டச்சுக்கு.” “எப்ப?” என்றான். நிஜமாகவே கேட்டான், எனக்கு அவன் குரல் தெரியாதா? “மயில வச்சிக்கிட்டு நின்னியே, ஆறரை மணி வரைக்கும்.” “மயில் ஞாபகம் இருக்கு. நீ விட்டுட்டுப் போனியா? எனக்குத் தெரியலையேக்கா. நீ நிப்ப, அதான் ஞாபகம் இருக்கு. எப்பயும் நிப்ப.” முப்பத்திரண்டு வருஷம் நான் தனியாகச் சுமந்தது அவனிடம் இல்லவே இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டும், இருந்தது, ஆனாலும் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது, அது ஏன் என்று எனக்கே தெரியவில்லை. “அப்ப ஏன் தம்பிய வரையல? நாலு நிமிசம் நின்னுட்டுப் போயிருதா.” “அந்த நாலு நிமிசம் அவன் வாரதுக்கு விட்ட எடம்க்கா. எட்டு மாசமா வரையுதேன், அழிக்கேன். வரமாட்டேங்கான்.” “என்னல சொல்லுத?” “ஒன் நட எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் சாய்வ, எந்தக் கால மொதல்ல எடுத்து வைப்ப, குனியும்போது எந்தச் சட முன்னால விழும், எல்லாம் தெரியும். பின்னாலயே வந்தவன்லா. நான் எப்பிடி நடப்பேன்னு எனக்குத் தெரியாதே. ஒன்னக் கேக்கணும்னுதான் இருந்தேன், கேக்க வெக்கமா இருந்துச்சு. நீ சொல்லுக்கா. நான் எப்பிடி நடப்பேன்?”

கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு வருஷம், அத்தனை சாயங்காலம், என் முதுகுக்குப் பின்னால் செருப்புத் தேய்கிற சத்தம் கேட்கிறது, சத்தம் மட்டும். ரோடு தெரிகிறது, ரோட்டில் கிடந்த ஒவ்வொரு மூடியும் தெரிகிறது. அவன் தெரியவில்லை. திரும்பியிருந்தால்தானே தெரியும்? கேட்டில் மட்டும் திரும்புவேன், அங்கே என்ன பார்த்தேன், வாகைமரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன உருவம், என்னைப் பார்த்ததும் தலையைத் தூக்கும், அப்புறம். “நீ நடந்து நான் பாத்ததே இல்லல” என்றேன். “நான் நிக்கிறதப் பாத்ததும் ஓடியாருவ. டவுசருல பித்தான் இருக்காது, ஒரு கையால இடுப்பப் பிடிச்சிக்கிட்டு ஓடியாருவ.” அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, “ஓடுறதுன்னா சுலுவுக்கா” என்றான், “ஒரு வாரத்துல முடிச்சிரலாம். பெங்களூருக்காரங்களுக்கு அடுத்த திங்கக்கெழம வாரேன்னு இப்பயே சொல்லிருதேன்.” “சொல்லு.” “வைக்கட்டா?” “வையி.” வைக்கவில்லை. “அக்கா, எந்தக் கையால பிடிச்சிருப்பேன்?”

“எடது கைல” என்றேன். “வலது கைல எனக்கு எதையாவது கொண்டாருவியே.”